பார்சல் பீட்சா நமத்துப் போகாமல் இருக்க

கடையில் மொறுமொறுப்பாக இருந்த பீட்சா வீட்டுக்கு வந்ததும் தொய்ந்து போனால், பெரும்பாலும் காரணம் ஆவிதான். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு பெட்டியில் அடைத்தால், ஆவி மூடியில் நீராகக் கோத்து, திரும்பப் பீட்சாவிலேயே இறங்கும்.

கடைக்காரர் அதைக் கம்பித் தட்டில் 2 நிமிடம் ஆறவிட்டு, பிறகு வெட்டிப் பெட்டியில் வைப்பது நல்லது. சுடச்சுட வெட்டினால் சீஸ் வழிந்து, சாஸ் வெட்டின் வழியே அடிமாவில் ஊறும். நீங்களே கேட்கலாம்: "வெட்டாமல் கொடுங்கள், பெட்டியின் ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள்." இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் அந்த ஓட்டைகளால் பயனில்லை. வண்டியில் பெட்டி படுக்கையாகவே இருக்கட்டும்.

ஆறிய துண்டுக்கு மைக்ரோவேவ் வேண்டாம்; மாவு ரப்பர் போலாகிவிடும். அடிகனமான தவாவில் எண்ணெயில்லாமல், சிறு தீயில் 3 நிமிடம் வையுங்கள். அடி மொறுமொறுவென்றானதும் துண்டின் மேல் படாமல் ஓரத்தில் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு, 1 நிமிடம் மூடுங்கள். சீஸ் இளகிவிடும். தீ அதிகமானால் சீஸ் உருகுமுன் அடி கருகும்.

ரொட்டிக்கும் இதே கதைதான்: சூடாக இருந்தால் காகிதப் பையில் வாங்குங்கள், முழுக்க ஆறிய பிறகே நறுக்குங்கள்.