லேடி மேக்பெத் வேஷம் கட்டப்போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் குழு ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைத் தமிழில் போட்டபோது, அரியணைக்காக ராஜா டங்கனைக் கொல்லப் புருஷனை ஏவும் லேடி மேக்பெத் நான்தான். முதல் ஒத்திகையில் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, ஏறக்குறைய சாமியாடினேன். ஒருத்தருக்கும் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பேயாக மட்டும் நடிக்காதீர்கள்.

முதலில் கைகேயியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டோடு தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு அவளைச் சொல்லித்தர வேண்டாம். கைகேயிக்குத் தூபம் போட ஒரு கூனி இருந்தாள். இவளுக்குப் புருஷன் எழுதிய கடிதம் ஒன்றுதான், மற்றதெல்லாம் அவளே. என் பெண்தன்மையை எடுத்துவிடு, தாய்ப்பாலைப் பித்தமாக்கு என்று ஆவிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். கேட்கிறாள் என்றால் அது இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால் அங்கே கத்தாமல், கிடைக்குமோ கிடைக்காதோ என்று கேளுங்கள். ஆசை அவளுடையது, ஆனால் அரியணை புருஷன் வழியாகத்தான் வர முடியும், அதற்குத்தான் 'நீ ஆம்பளையா' என்று குத்திக் குத்தி அவனை ஏவுகிறாள். நம் வீடுகளில் கேட்காத வசனமா!

அப்புறம், பலர் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வரி. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி: தூங்கும்போது டங்கன் என் அப்பா சாயலில் இருந்தார், இல்லாவிட்டால் நானே முடித்திருப்பேன். உள்ளே போய்க் கத்திகளை எடுத்துவைத்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இந்த இடத்தில் ஒரு மூச்சு நில்லுங்கள். கடைசியில் அவளைத் தூக்கத்தில் நடக்க வைப்பது இந்த முகம்தான் என்று வைத்துக்கொண்டுதான் நான் நடித்தேன்.

மூன்றாம் அங்க விருந்துக்குப் பிறகு ஐந்தாம் அங்கம்வரை அவள் மேடைக்கே வருவதில்லை. அந்த நேரத்தில் பின்னால் டீ குடித்து ஊர்க்கதை பேசக்கூடாது. (பேசினேன். முகத்தில் தூக்கம் வரவே இல்லை.) திரும்பி வரும்போது செய்யுள் போய், துண்டு துண்டான உரைநடைதான் அவள் வாயில் இருக்கும், அதை ராகமாக இழுக்க வேண்டாம்.

தூக்கத்தில் நடந்துவந்து, கையில் இல்லாத ரத்தத்தை அவள் கழுவும் அந்தக் காட்சியில் விளக்கைக் கையிலேயே பிடித்திருப்பதுதான் பழைய வழக்கம். 1785இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் நடிகை சாரா சிடன்ஸ் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கழுவிக் காட்டினார். நீங்களும் வையுங்கள். ஆனால் பேட்டரி விளக்கு, ஏனென்றால் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திறந்த மேடையில் திரி நிற்காது.

ரத்தத்துக்கு நாங்கள் கடைச் சாயம் வாங்கவில்லை. டங்கனை வரவேற்க அவள் எடுத்த ஆரத்தி, அதே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர்தான் கொலைக் காட்சியிலும். ஐந்தாம் அங்கத்துக்குள் நன்றாகக் கழுவிவிடுங்கள், பார்ப்பவர்களுக்குக் கை சுத்தமாகத் தெரிய வேண்டும். நகக்கண்ணில் மட்டும் மஞ்சள் கொஞ்சம் நிற்கும். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே தேயுங்கள்.