ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தான் கட்டிய ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடி ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லாவற்றையும் ஒரே டிரைவர் (பெட்டியில் மாட்டும் ஒலி உறுப்பு) தரும் வகை அது. மர வேலை அத்தனை சுத்தம், மூலைகளில் மயிரிழை இடைவெளி இல்லை. பாட்டைப் போட்டால், பாடகர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் இருந்தது. டிரைவரின் அளவெண்கள் உள்ள டேட்டாஷீட் எங்கே என்று கேட்டேன். "4 அங்குல டிரைவர்தான் அண்ணா, பிளானும் 4 அங்குலத்துக்குத்தான்" என்றான். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு முறை செய்தால் தானாகவே திருந்திவிடும்.

அளவு ஒன்றுதானே என்று டிரைவரை மாற்றுவது

அங்குலக் கணக்கு ஓட்டை வெட்டத்தான் உதவும். பெட்டியைத் தீர்மானிப்பவை மூன்று எண்கள். எஃப்எஸ், டிரைவர் தானாக அதிரும் அதிர்வெண். விஏஎஸ், அதன் சஸ்பென்ஷனுக்குச் சமமான விறைப்பைத் தரும் காற்றின் கொள்ளளவு. க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பது. மோட்டாரின் பிடி வலுவாக இருந்தால் இந்த எண் சிறியதாக இருக்கும். தீல் 1961-ல் தொடங்கி, ஸ்மால் 1970களில் விரித்தெழுதிய கணக்கு இது.

நான் எடுத்த பாஸ் ரிஃப்ளெக்ஸ் பிளான் (போர்ட் எனும் காற்றுக் குழாய் வைத்த பெட்டி) 0.35 க்யூடிஎஸ் உள்ள டிரைவருக்கானது. நான் மாட்டியதோ 0.75. எந்தப் பாட்டிலும் ஒரே சுரத்தில் 'தும் தும்' என்று இடி. ஆம்ப்ளிஃபையர்மேல் சந்தேகப்பட்டு மாற்றினேன், வயரை மாற்றினேன், பெட்டிக்குள் பஞ்சைத் திணித்தேன். டேட்டாஷீட்டை மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் மேள வாசிப்பைச் சத்தமாக வைத்தபோது 'டக்' என்று ஒரு அடி. போர்ட்டை ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே, டிரைவரின் அதிரும் கூம்பான கோனைத் தாங்கப் பெட்டிக் காற்று உதவாது. கோன் எல்லை மீறி ஓடிவிட்டது. கோனை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன், உள்ளே 'சரக் சரக்' என்று உரசியது. கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் போய்விட்டது. ஒரு டிரைவரும், இரண்டு பெட்டிக்கான பிளைவுட்டும், ஒரு மாத உழைப்பும் வீண். இன்னொருவர் இதே வழியில் போவதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

தோராயக் கணக்கு இது: க்யூடிஎஸ் 0.3-க்குக் கீழே என்றால் பேக் லோடட் ஹார்ன் (கோனின் பின்பக்க ஒலியை விரிந்துகொண்டே போகும் குழல் வழியே விடும் பெட்டி), 0.3 முதல் 0.4 வரை பாஸ் ரிஃப்ளெக்ஸ், அதற்கு மேல் மூடிய பெட்டி, 0.7-ஐத் தாண்டினால் பின்பக்கம் திறந்த பலகை.

மூடிய பெட்டியும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. க்யூடிஎஸ் 0.7, விஏஎஸ் 20 லிட்டர் உள்ள டிரைவரை 10 லிட்டர் பெட்டியில் அடைத்தால், பெட்டியோடு சேர்த்த மொத்த க்யூ ஏறக்குறைய 1.2 ஆகிவிடும். எஃப்எஸ் 60 ஹெர்ட்ஸ் என்றால், 130 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டரை டெசிபல் மேடு கிளம்பும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. தம்பியின் குடத்துக்கு இதுதான் காரணம்.

அதனால் முதலில் டிரைவர், பிறகு டேட்டாஷீட், அப்புறம்தான் ரம்பம்.

வெளி அளவில் கொள்ளளவு போடுவது

30 × 20 × 20 செ.மீ. என்றால் 12 லிட்டர் என்று தோன்றும். 18 மி.மீ. பலகை போக உள்ளே இருப்பது 7.1 லிட்டர்தான்.

கனசதுரப் பெட்டி

வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதி நிற்கும் நிலை அலைகள் மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் குவியும்.

ஓட்டையின் பின்விளிம்பை அப்படியே விடுவது

சின்ன டிரைவரை 18 மி.மீ. பலகையில் பதித்தால், அதன் முதுகு ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் 45 டிகிரியில் சீவிவிடுங்கள். திருகு பிடிக்கும் இடங்களில் மட்டும் மரத்தை விட்டுவைக்க வேண்டும்.

முன்பலகையின் அகலத்தை மறப்பது

20 செ.மீ. அகலப் பலகையில், சுமார் 575 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி பின்னாலும் பரவத் தொடங்கும். அதற்கும் கீழே போகப் போக முன்னால் வருவது 6 டெசிபல் வரை குறையும். பாட்டு மெலிந்து காதைக் குத்துகிறதே என்று டிரைவரைத் திட்டுவதற்கு முன், பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்துக் கேளுங்கள். போதவில்லை என்றால், ஒரு காயிலையும் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று பேரலலாக இணைத்து, டிரைவருக்குப் போகும் பிளஸ் வயரில் சீரீஸாகப் போடுங்கள். ரெசிஸ்டரை 4 ஓமில் தொடங்கி, காதால் கேட்டுக் கூட்டிக் குறைக்கலாம்.