மறுநாள் பார்க்கும் கண் ஏமாறும்: ஆலங்கட்டிச் சேதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாள் காலையில் மக்காச்சோளக் காட்டைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து, தட்டை மட்டும் மொட்டையாக நிற்கும். 'எல்லாம் போச்சு' என்பார் விவசாயி. காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வந்தவருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு இரண்டு பேர் கண்ணையும் நம்ப முடியாது.

அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா பக்கம் ஆலங்கட்டிக்கென்றே தனியார் பயிர்க் காப்பீடு உண்டு. சேதம் மதிப்பிடுவது அங்கே பயிற்சி எடுத்துச் செய்கிற தொழில். அதனால் அந்த ஊர் மக்காச்சோளத்தை வைத்தே சொல்கிறேன்.

பெரிய தவறு அவசரம்தான். அடிபட்ட பயிரை 7 முதல் 10 நாள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். காரணம் குருத்து. மக்காச்சோளம் ஐந்தாறு இலை விரிக்கும் வரை அதன் வளரும் முனை மண்ணுக்குள்தான் இருக்கும். மேலே உள்ளதை ஆலங்கட்டி சிரைத்துப் போட்டாலும், வெட்டிய வாழையில் குருத்து நீள்வதைப் போல அது திரும்ப வந்துவிடும். செத்ததா பிழைத்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு செடியைப் பிடுங்கி, கத்தியால் தண்டை அடிவரை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே குருத்து தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழத்திருந்தால் கதை முடிந்தது. முதல் நாளே பிளந்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

கிழிந்த இலையைப் போன இலையாகக் கணக்கு வைப்பது அடுத்த தவறு. வாழை இலை காற்றில் கிழிந்து தோரணமாகத் தொங்கினாலும் வாழை தார் போடத்தானே செய்கிறது? பச்சையாகச் செடியோடு ஒட்டியிருக்கிற கிழிசல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். காணாமல் போன பரப்பு, காய்ந்து பழுப்பான பரப்பு, இந்த இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சேதத்தைக் கூட்டிப் போடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் பருவம். ஏழு இலைப் பருவத்தில் இலை முழுவதும் போனால்கூட மகசூல் இழப்பு ஏறக்குறைய 9 சதவீதம் என்கிறது அங்கே மதிப்பீட்டாளர்கள் பயன்படுத்தும் அட்டவணை. ஆண்பூ வெளிவந்த நேரத்தில் பாதி இலை போனால் 31 சதவீதம். முழுவதும் போனால் 100. ஆக, பருவத்தைத் தப்பாகக் குறித்தால் அதன் பிறகு போடுகிற கணக்கு எதுவும் நிற்காது. இதில் ஒரு பொறியும் உண்டு. வேளாண் விஞ்ஞானிகள் இலையின் அடி வளையம் தெரிகிற இலைகளை மட்டும் எண்ணுவார்கள். காப்பீட்டுக்காரர்கள் அதற்கும் மேலே போய், நுனி வளைந்து தொங்கும் இலை வரை எண்ணுவார்கள். ஒரே செடிக்கு எண்ணிக்கை இரண்டு வரை கூடும். ஒரு முறையில் எண்ணிவிட்டு மற்ற முறையின் அட்டவணையைப் பார்ப்பது, லிட்டரில் அளந்துவிட்டு கிலோவுக்குக் காசு கேட்கிற மாதிரி.

செடிகளை எண்ணுவதில் சூத்திரம் எளிது. வரிசைக்கு வரிசை 30 அங்குல இடைவெளி என்றால் 17 அடி 5 அங்குல நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் பிழைத்த செடி 26 என்றால் ஏக்கருக்கு 26,000. ஆனால் எங்கே நின்று எண்ணுகிறீர்கள்? காரை நிறுத்திய ஓரத்திலேயே நாடாவை விரித்தால் அது அந்த ஓரத்தின் கணக்குதான். ஆலங்கட்டி பட்டை பட்டையாகப் பெய்யும். ஒரே வயலில் ஒரு மூலை நாசமாகி, மறு மூலை தப்பியிருக்கும். உள்ளே நடந்து பல இடத்தில் எண்ண வேண்டும். விதைப்புக் கருவி விட்ட இடைவெளி, முளைக்காத விதை, புழு வெட்டியது, இதையெல்லாம் ஆலங்கட்டி தலையில் கட்டக் கூடாது.

சதவீதங்களை அப்படியே கூட்டுவதும் தப்பு. செடி இழப்பால் மகசூலில் 20 சதவீதம், இலை இழப்பால் 10 சதவீதம் போகும் என்றால் மொத்தம் 30 அல்ல. இலை இழப்பு, மிஞ்சிய 80-க்குத்தான் பொருந்தும். அதில் பத்தில் ஒன்று 8. மொத்தம் 28. சின்ன வித்தியாசம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கர் என்று வரும்போது யாரோ ஒருவர் காசு.

தண்டில் விழுந்த காயத்தை மட்டும் முதல் வருகையில் முடித்துவிடாதீர்கள். இன்றைக்கு நிற்கிற தட்டை, கதிர் கனத்த பிறகு அந்தக் காயத்தில்தான் ஒடிந்து விழும். கதிரில் பட்ட அடியும் அப்படித்தான். இதற்காகவே அறுவடைக்கு முன் இன்னொரு முறை வர வேண்டியிருக்கும். 'இரண்டாம் தடவை எதற்கு' என்று சலித்துக்கொண்டு கோப்பை மூடுவது விவசாயிக்குச் செய்கிற அநியாயம்.

விவசாயிகள் பக்கத் தவறும் உண்டு. ஆள் வருவதற்குள் உழுது மறுவிதைப்பு செய்துவிட்டால் பார்க்க எதுவும் இருக்காது. காத்திருக்க முடியாத நிலை என்றால் முதலில் நிறுவனத்திடம் அனுமதி கேட்டு, அங்கங்கே சில வரிசைகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

நம் நாட்டில் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி தனி வயல் கணக்கில் வருகிறது. ஊர் சராசரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும், 14447-க்கு அழைத்தாவது. மதிப்பீட்டில் பொறுமை வேண்டும் என்று இவ்வளவு சொன்னதை இந்த அழைப்புக்கும் பொருத்திக்கொண்டு, 'குருத்து வருகிறதா பார்ப்போம்' என்று ஒரு வாரம் உட்கார்ந்துவிடாதீர்கள். மழை விட்டதும் நான்கு படம் எடுங்கள், போன் செய்யுங்கள், பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். கத்தியோடு தட்டையைப் பிளப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.