கனடாவில் முதல் கார்: ஆல் வீல் டிரைவ் வேகன் வாங்குமுன்

ரொறன்ரோவில் முதல் பனிக்காலம் தொடங்கியதுமே பெரிய எஸ்யூவி வாங்கச் சொல்லி ஆளாளுக்கு ஆலோசனை தருவார்கள். பழைய ஆல் வீல் டிரைவ் ஸ்டேஷன் வேகன் (கூரை டிக்கி வரை நீளும் கார்) ஒன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு, டிக்கி நீளம், வாசல் தாழ்வு. அரிசி மூட்டையை நெஞ்சு வரை தூக்க வேண்டியதில்லை. வயதான அம்மா அப்பாவும் ஏறி இறங்க சிரமப்பட மாட்டார்கள்.

இங்கே அதிகம் கண்ணில் படுவது சுபாரு அவுட்பேக். 1972இலேயே ஜப்பானில் லியோனி என்ற வேகனுக்கு நாலு சக்கர இழுவை கொடுத்த நிறுவனம் அது. 1990களின் நடுவில் தங்கள் லெகஸி வேகனைக் கொஞ்சம் உயர்த்தி அவுட்பேக் என்று விற்கத் தொடங்கினார்கள். வோல்வோவின் கிராஸ் கன்ட்ரி, ஆவ்டியின் ஆல்ரோட் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஆண்டு 2010. அதற்கு முந்தைய தலைமுறையில் பின் இருக்கையில் கால் நீட்ட இருந்த இடம் சுமார் 86 சென்டிமீட்டர்தான். 2010 மாடலில் அது 96 ஆனது. 2020இல் 100ஐத் தொட்டது. காகிதத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் கைக்குழந்தையின் சீட் பின்னோக்கி இருக்க வேண்டும், அது முன் இருக்கையை முன்னால் தள்ளிவிடும். அப்போது முன்னால் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். அதனால் கார் பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும் ஸ்ட்ரோலரையும் கையோடு எடுத்துப் போங்கள். பொருத்திப் பாருங்கள், விற்பவர் காத்திருக்கட்டும். மூன்றாவது வரிசை அவுட்பேக்கில் கிடையாது. ஏழு பேர் என்றால் வேறு வண்டிதான். 2026 மாடல் பெட்டி போன்ற எஸ்யூவி உருவத்துக்கு மாறிவிட்டது, எனவே வேகன் வேண்டுமென்றால் அதற்கு முந்தையதைத் தேடுங்கள்.

2000களின் 2.5 லிட்டர் அவுட்பேக் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) கசிவது பேர்போன நோய். வாங்குமுன் நீங்களே தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் (உள் பாகங்களை ஒத்திசைத்து ஓட்டும் பட்டை) மாற்றிய ரசீதையும் கேளுங்கள். அவுட்பேக்கின் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு 2013 மாடலில் இருந்து பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டது.

அப்புறம் டயர். நாலும் ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இழுவையைப் பகிரும் பாகங்கள் கெடும். ஒன்று கிழிந்தாலே சில சமயம் நாலையும் மாற்ற நேரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், பிரேக் பிடிக்கும்போது கைகொடுக்காது. ஒன்ராறியோவில் விண்டர் டயர் கட்டாயமில்லை, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். நீங்கள் எங்கே இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் அதற்கு இன்சூரன்ஸ் தள்ளுபடியும் உண்டு.

ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினால், பழைய வாகனத் தகவல் தொகுப்பை (Used Vehicle Information Package, வண்டியின் பதிவு விவரங்கள் கொண்ட அரசு ஆவணம்) விற்பவர்தான் தர வேண்டும். வண்டி ஓட்டப் பாதுகாப்பானது என்று காட்டும் சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டியின் வின் எண்ணை (VIN, அந்த வண்டிக்கே உரிய அடையாள எண்) சொல்லி இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். புது லைசென்ஸ்காரருக்கு மாதத் தவணையைவிட அதுவே அதிகமாக வரலாம்.