புதுப்பித்து விற்கும் வீட்டில் டிசைனரோடு செய்யும் தவறுகள்

பெசன்ட் நகர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் முப்பது நாற்பது வருடப் பழைய ஃபிளாட்டை வாங்கி, உள்ளே முழுக்க மாற்றி, நல்ல விலைக்கு விற்பதுதான் என் தொழில். இதுவரை கையைக் கடித்த வேலைகளை நினைத்துப் பார்த்தால், டிசைனருக்குத் திறமை போதாமல் போன பணம் கொஞ்சம்தான். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் விட்டதில் போனதுதான் அதிகம்.

பலரும் பத்திரம் முடிந்த பிறகுதான் டிசைனரைக் கூப்பிடுகிறார்கள். 3 கோடிக்கு ஒரு வீடு என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 27 லட்சம் அப்போதே போய்விட்டது. அதற்கப்புறம் அவர் வந்து ஹால் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது பாரம் தாங்குற சுவர் சார், எடுக்க முடியாது" என்றால் என்ன செய்வது? அந்தக் காலத்துச் சின்னக் கட்டடங்கள் பலவற்றில் கான்கிரீட் தூண் கிடையாது. செங்கல் சுவர்தான் மேல்தளத்தைச் சுமக்கிறது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டிசைனரையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர்களுக்குரிய ஃபீஸைக் கொடுத்துவிடுங்கள். வீட்டை வாங்காமல் விட்டாலும் அது வீண் செலவு ஆகாது.

இன்னொன்று, எவ்வளவுக்கு விற்கப் போகிறோம் என்பதை மறைப்பது. ஃபீஸைக் கூட்டிவிடுவார் என்ற பயத்தில் நானும் மறைத்திருக்கிறேன். விலையும் தெரியாமல், வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்றும் தெரியாமல் இருந்தால் டிசைனர் தனக்குப் பிடித்த வீட்டைத்தான் செய்வார். ஒரு வீட்டில் கிச்சன் மேடைக்கு வெள்ளை இத்தாலியன் மார்பிள் போட்டார். போட்டோவில் அவ்வளவு அழகு. பார்க்க வந்த ஒரு அம்மா மேடையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பாலீஷ் போட்டவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. "ஒரு சாம்பாருக்கே இப்படின்னா, தினமும் சமைக்கிற வீட்டுல எப்படிப்பா?" என்றார். அவர் கேட்டது நியாயம். மார்பிள் நுண்துளை உள்ள கல். மஞ்சள் உள்ளே இறங்கிவிடும், புளியும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு போய்விடும். அந்த மேடையைப் பெயர்த்துவிட்டுக் கறுப்பு கிரானைட் போட்டு விற்றேன்.

அதிலிருந்து டிசைனரோடு முதலில் உட்காரும்போதே வாங்கப் போகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தத் தெருவில் அந்த விலைக்கு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான அப்பா அம்மாவோடு குடியேறும் குடும்பங்கள். அவர்களுக்குப் பூஜை அறை வேண்டும், கிரைண்டர் வைக்க இடம் வேண்டும், பெரியவர்கள் பாத்ரூமில் வழுக்காத தரையும் பிடித்து எழக் கைப்பிடியும் வேண்டும். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், டாய்லெட் இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். வாஸ்து பார்க்காத டிசைனரிடமும் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முதலில் பணம் ஒதுக்காததுதான் எனக்கு மிகவும் வலித்த தவறு. ஒரு வீட்டில் பாத்ரூமுக்கு உயர்ந்த ரக ஃபிட்டிங்ஸ், பெரிய டைல்ஸ் எல்லாம் போட்டோம். சுவருக்குள் இருந்த பழைய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மட்டும் மாற்றவில்லை. நன்றாகத்தானே தண்ணீர் வருகிறது என்று நான்தான் தடுத்தேன். விற்பனை பேசி முடிக்கும் நேரத்தில் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் பூத்தது. புது டைல்ஸை உடைக்கும் சத்தத்தை அந்தப் படிக்கட்டில் நின்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. பைப், வயரிங், வாட்டர்ப்ரூஃபிங் மூன்றுக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதி எவ்வளவு என்று டிசைனரிடம் சொல்லுங்கள்.

ஃபீஸைச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். செலவு கூடக்கூட அவர் வருமானமும் கூடும். நல்ல மனிதரையும் அப்படி ஒரு நிலையில் நிறுத்தக் கூடாது. மொத்தமாக ஒரு தொகை பேசி, வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். கடைக்காரர் தரும் கமிஷன் யாருக்கு என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் என்று மட்டும் எழுதினால் போதாது. சிங்க் கீழே ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மெரைன் ரகம்), மற்ற இடத்தில் ஐஎஸ் 303 (பொது உபயோக ரகம்) என்று ரகத்தோடு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள், லாபத்துக்கு வரி கட்டும்போது செலவைக் காட்ட அதுதான் ஆதாரம்.

கடைசியாக, நாள்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிய நிறைய பேர் தயங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டி சீக்கிரம் காயாது, மரக்கதவு உப்பிக்கொள்ளும். வட்டிக்குப் பணம் எடுத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் லாபத்தைத் தின்கிறது. வெளியூர் டிசைனர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தானாகத் தெரியாது. சித்திரையில் சுவர் இடிக்க ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் பெயின்ட் முடிய வேண்டும் என்று நான் முதல் நாளே தேதி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். கார்த்திகையில் விலை படிந்தால் மார்கழிக்கு முன் பத்திரம், இல்லாவிட்டால் தை.