பழைய பாம் பைலட் வைத்திருப்பவர்களை ஊரில் ஒன்றுசேர்க்க

பாம், சயான் மாதிரி பழைய கையடக்கக் கணினிகளை இன்னும் ஆசையாக வைத்திருக்கிறீர்களா? உங்கள் ஊரிலேயே ஒரு குழு தொடங்குங்கள். நாலு பேர் போதும், பதிவு, சந்தா, தலைவர் பதவி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். முக்கியம் நாள் மாறாமல் இருப்பதுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் இரண்டு பேர்தான் வந்தாலும் அன்றைக்கே கூடிவிடுங்கள், ஒரு முறை தள்ளிப்போட்டால் அடுத்த மாதம் ஆள் வருவது சந்தேகம்.

இடத்துக்கு நூலகமோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையோ போதும், ஆனால் பெரிய மேசை இருக்கட்டும். முதல் சந்திப்பில் பேச்சைக் குறைத்து, கருவிகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1998-இல் வந்த பாம் III இரண்டை நேருக்கு நேர் பிடித்து, அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒரு முகவரியை இதிலிருந்து அதற்கு அனுப்பிக் காட்டுங்கள். புதிதாக வந்தவர் கையில் எழுதுகோலைக் கொடுத்து, குறுக்குக்கோடு இல்லாத ஆங்கில A எழுத்தைக் கிராஃபிட்டியில் (திரையில் கையால் எழுதுவதைப் பாம் எழுத்தாக மாற்றும் முறை) போடச் சொல்லுங்கள், திரையில் எழுத்து வந்ததும் அவர் முகத்தைப் பாருங்கள்!

அப்புறம், ஏஏஏ (AAA) அளவு மின்கலம் கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். பாம் III-இல் மின்கலம் தீர்ந்து அப்படியே கிடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். பாமைக் கணினியோடு இணைக்கும் பழைய சீரியல் கேபிளை யூஎஸ்பியில் இணைக்கும் மாற்றி ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கினால், வந்தவர்கள் அங்கேயே மடிக்கணினியில் நகல் எடுத்துக்கொள்ளலாம்.