மோல் கணக்கு: வேதியியல் திருப்புதலை இங்கிருந்து தொடங்குங்கள்

பாட வரிசைப்படியே திருப்பினால் சூத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். மோலை (6.022 × 10²³ துகள்கள் அடங்கிய அளவை) நடுவில் வைத்துப் படித்தால் எடை, வாயு, கரைசல் என்று எந்தக் கணக்கு வந்தாலும் போக வேண்டிய வழி ஒன்றுதான்: கொடுத்ததை மோலாக்கு, சமன்பாட்டின் விகிதத்தைப் போடு, கேட்ட அலகுக்கு மாற்று. சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: ஒரே தாளில் நான்கு வரி

மோல் = நிறை (கிராம்) ÷ மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராம்/மோல்)
மோல் = துகள்களின் எண்ணிக்கை ÷ (6.022 × 10²³)
மோல் = மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்) × கரைசலின் கனஅளவு (லிட்டர்)
மோல் = (அழுத்தம் × கனஅளவு) ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை, கெல்வினில்)

அலகோடு சேர்த்துக் கையால் எழுதுங்கள். அச்சடித்த சூத்திர அட்டையையோ செயலியையோ நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்த்துப் பார்த்துப் படித்தது தேர்வறையில் கைகொடுக்காது.

கால்குலேட்டரில் ஒரு எச்சரிக்கை. 6.022 × 10²³ என்பதை 6.022, அடுத்து ‘எக்ஸ்ப்’ பொத்தான், அடுத்து 23 என்று அழுத்த வேண்டும். நடுவில் ‘× 10’ சேர்த்தால் விடை பத்து மடங்கு பிசகும். அந்தப் பொத்தானிலேயே பத்து அடங்கியிருக்கிறது.

படி 2: வாயுக் கணக்கில் முதலில் அலகு

27 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் 2 லிட்டர் வாயு எத்தனை மோல்? அழுத்தம் வளிமண்டல அலகில் இருப்பதால் வாயு மாறிலி 0.0821, வெப்பநிலை 27 + 273 = 300 கெல்வின். 2 ÷ (0.0821 × 300) = 0.081 மோல். 300க்குப் பதில் 27 போட்டால் 0.90 வரும், பதினோரு மடங்கு தவறு. அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் கொடுத்து, கனஅளவு லிட்டரில் இருந்தால் மாறிலி 8.314. எந்த மாறிலி என்பதை அழுத்தத்தின் அலகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 3: எது முதலில் தீரும்?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இரண்டு வினைபடுபொருள்களின் அளவையும் கொடுத்துவிட்டால் அது வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக் கணக்கு, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளைக் கண்டுபிடிக்கும் கணக்கு, என்று உடனே புரிய வேண்டும்.

14 கிராம் நைட்ரஜனும் 2 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் தேவை, கிடைப்பது 2 மோல் அம்மோனியா.

மோலாக்கினால் நைட்ரஜன் 14 ÷ 28 = 0.5, ஹைட்ரஜன் 2 ÷ 2 = 1. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 0.5 சிறியது, ஆகவே நைட்ரஜன்தான் முதலில் தீரும் என்று எழுதிவிடுகிறார்கள். மோலை நேரடியாக ஒப்பிடக் கூடாது. சமன்பாட்டில் அதன் முன்னால் இருக்கும் எண்ணால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்:

நைட்ரஜன்: 0.5 ÷ 1 = 0.5
ஹைட்ரஜன்: 1 ÷ 3 = 0.333

சிறிய எண் ஹைட்ரஜனுடையது. முதலில் தீர்வதும் அதுவே. இனி அந்த 0.333-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மோனியா 0.333 × 2 = 0.667 மோல், 17 ஆல் பெருக்கினால் 11.33 கிராம். செலவான நைட்ரஜன் 0.333 மோல், அதாவது 9.33 கிராம், மீதி 4.67 கிராம்.

விடை சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். 11.33 + 4.67 = 16. தொடக்கத்தில் இருந்ததும் 14 + 2 = 16. கூட்டல் ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது. கேள்வியில் மீதியைக் கேட்காவிட்டாலும் கணக்கிட்டுப் பாருங்கள். தசம இடங்களைச் சுருக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள், 0.333-ஐ 0.3 ஆக்கினால் அம்மோனியா 10.2 கிராமாகக் குறைந்துவிடும்.

படி 4: கரைசல்

0.1 மோலார் ஆக்சாலிக் அமிலக் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும். தேவையான மோல் 0.1 × 0.25 = 0.025. மோலார் நிறை 90 என்று போட்டால் 2.25 கிராம் வரும். ஆனால் ஆய்வகப் புட்டியில் இருக்கும் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. மோலார் நிறை 126. எடுக்க வேண்டியது 3.15 கிராம். 2.25 கிராம் எடுத்தால் உங்கள் கரைசல் உண்மையில் 0.071 மோலார்தான், அதைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தல் (இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனை) முழுக்கப் பிழையாகும். புட்டியின் லேபிளில் உள்ள மோலார் நிறையைப் படித்த பிறகே எடை போடுங்கள்.

கரைக்கும்போது 250 மில்லிலிட்டர் நீரை அளந்து ஊற்றக் கூடாது. குறைந்த நீரில் முதலில் கரைத்து, திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் அதிலேயே சேர்த்து, குறியீட்டுக் கோடுவரை நிரப்புங்கள். சூத்திரத்தில் இருப்பது கரைசலின் கனஅளவு, சேர்த்த நீரின் கனஅளவு அல்ல.

பிற்சேர்க்கை: 1 மோல் வாயுவுக்கு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா என்ற கேள்வி வந்ததால் இதையும் சேர்க்கிறேன். இரண்டும் 0 டிகிரி செல்சியஸுக்கானவை. அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. 1982 முதல் ஐயூபிஏசி (வேதியியல் அலகுகளையும் பெயர்களையும் வரையறுக்கும் பன்னாட்டு அமைப்பு) 1 பாரையே திட்ட அழுத்தமாகக் கொள்கிறது, ஆனாலும் 22.4-ஐப் பயன்படுத்தும் வினாக்கள் இன்னும் நிறைய வருகின்றன. வினாவில் அழுத்தம் கொடுத்திருந்தால் அதன்படி போடுங்கள். கொடுக்காவிட்டால் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதைப் போட்டு, எந்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.